குப்பியில் என்ன நிறம்?

நாற்பத்து மூன்று நாட்களாக என் வீட்டுக் கூடத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி இருந்தது. அதில் தண்ணீர் இருந்தது, மணல் இருந்தது, தண்ணீரை வடிகட்டுகிற மோட்டார் இருந்தது, விளக்குகூட இருந்தது. மீன் மட்டும் இல்லை. வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் குனிந்து மணலைப் பார்ப்பார்கள், செடியின் பின்பக்கம் எட்டிப் பார்ப்பார்கள், கடைசியில் என் முகத்தைப் பார்த்து "மீன் எங்க?" என்பார்கள். நான் முதலிலிருந்து விளக்குவேன். அவர்களும் பொறுமையாகத் தலையாட்டிவிட்டு, "அதெல்லாம் சரி, மீன் எங்க?" என்பார்கள்.

இதில் என் மைத்துனன் ஒரு படி மேல். வாரத்துக்கு இரண்டு முறை அக்காவைப் பார்க்கிற சாக்கில் வருவான். செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிடுவான்.

"என்ன மாமா, தண்ணியத்தான் வளக்குறீங்களா? போன வாரத்துக்கு இந்த வாரம் நல்லா சதை போட்டிருக்கே!"

பல்லைக் கடித்துக்கொண்டு சிரிப்பேன். அவன் அக்கா தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமல், "டேய், சும்மா இருடா" என்பாள். அவளும் உள்ளுக்குள் சிரிக்கிறாளோ என்று எனக்குச் சந்தேகம்.

நான் பூட்டு, சாவி வேலை செய்கிறவன். மருந்துக்கடைக்கும் செருப்புத் தைக்கிறவருக்கும் நடுவில், மாடிப்படிக்குக் கீழே என் கடை. உள்ளே நான் உட்கார்ந்தால் வாடிக்கையாளர் வெளியேதான் நிற்க வேண்டும். என் மனைவி வீட்டிலேயே துணி தைக்கிறாள். அவளுடைய மெஷின் கூடத்து மூலையில், சுவரைப் பார்த்து இருக்கிறது. இருபத்திரண்டு வருடமாக அந்தச் சுவரைப் பார்த்தே தைத்தவளுக்குப் போன வருடம் தலைவலி வந்து, கண் டாக்டரிடம் போனோம். நான் உள்ளே போகவில்லை, போன் வந்த மாதிரி வாசலிலேயே நின்றுவிட்டேன். வெளியே வந்தவள் சொன்னாள்:

"இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை ஊசியிலேர்ந்து கண்ண எடுத்து வேற எதையாவது பாக்கணுமாம். சுவத்த எத்தனை நாளைக்குப் பாக்குறது? ஒரு மீன் தொட்டி வாங்கி வைக்கலாமாங்க?"

கல்யாணமான நாளிலிருந்து அவள் வாய்விட்டு ஒன்று கேட்டது அதுதான் முதல் முறை. மறுநாளே தொட்டி வாங்கினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். பெரிய மனது பண்ணி அன்றைக்கே எட்டு மீனையும் வாங்கிவந்து விட்டேன். நான்காவது நாள் காலையில் எட்டும் வயிற்றைக் காட்டி மிதந்தன. அவள் அன்று மெஷினைத் தொடவில்லை. சாயங்காலம் என்னிடம், "வேணாங்க, எடுத்துடுங்க. அழகா இருக்கும்னு கேட்டேன். உக்காந்து சாகுறதப் பாக்குறதுக்கு அந்தச் சுவரே தேவலை" என்றாள்.

காலில் விழாத குறையாகக் கெஞ்சி, இன்னும் ஒரே ஒரு முறை என்று கேட்டேன். "இந்தத் தடவை ஒரு மீன் செத்தாலும் தொட்டிய நானே தூக்கித் தெருவுல வெச்சுடுறேன்" என்று வாக்குக் கொடுத்தேன். அவள் சரி என்று சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

மீன் கடைக்காரர் என்னைக் கொலைக்குற்றவாளியைப் பார்ப்பது போலப் பார்த்தார். மீனின் கழிவிலிருந்து அம்மோனியா வருமாம், அது விஷமாம். அதைத் தின்கிற கிருமி ஒன்று உண்டாம். அது தின்று போடுவது நைட்ரைட்டாம், அதுவும் விஷமாம். அதைத் தின்ன இன்னொரு கிருமி வேண்டுமாம். இந்த இரண்டும் வடிகட்டிப் பஞ்சில் குடியேறிய பிறகுதான் மீன் விட வேண்டுமாம்.

"கிருமி எப்படி வரும்?" என்றேன்.

"தானா வரும். அதுக்குச் சாப்பாடு போடணும், அவ்வளவுதான். மீன் இல்லாமலே நாம அம்மோனியாவச் சொட்டு சொட்டா விடுவோம். தினமும் தண்ணிய டெஸ்ட் பண்ணுங்க. விட்டது ஒரே நாள்ல காணாமப் போச்சுன்னா தொட்டி ரெடி. ஒரு மாசம், ஒன்றரை மாசம் ஆகும்."

"டெஸ்ட் பண்றது எப்படி?"

அவர் ஒரு சின்னப் பெட்டியை எடுத்து நீட்டினார். உள்ளே இரண்டு கண்ணாடிக் குப்பிகள், சில மருந்துப் பாட்டில்கள், ஓர் அட்டை.

"ரொம்ப சுலபம். முதல் குப்பியில அம்மோனியா. பச்சையா இருந்தா இருக்கு, மஞ்சளா இருந்தா இல்ல. அது சரியான பிறகு ரெண்டாவது குப்பி, நைட்ரைட். ஊதாவா இருந்தா இருக்கு, நீலமா இருந்தா இல்ல. சின்னப் பிள்ளைகூடப் பண்ணிடும்."

சின்னப் பிள்ளை பண்ணிவிடும். என்னால் முடியாது. எனக்கு நிறம் தெரியாது.

உலகமே கறுப்பு வெள்ளை என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். எனக்கு மஞ்சளும் பச்சையும் ஒன்று, நீலமும் ஊதாவும் ஒன்று, சிவப்பும் பழுப்பும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் அண்ணன் தம்பி. பத்தொன்பது வயதில் ரயில் ஓட்டுகிற வேலைக்குப் போனேன். புள்ளி புள்ளியாக வட்டம் போட்ட புத்தகத்தைத் திறந்து, உள்ளே என்ன எண் தெரிகிறது என்று கேட்டார் டாக்டர். எனக்குப் புள்ளிதான் தெரிந்தது. மூன்று பக்கம் திருப்பிவிட்டு மூடிவிட்டார். கண் டாக்டர் வாசலில் நான் போன் பேசியதற்கும் காரணம் அந்தப் புத்தகம்தான். கண்ணில் கோளாறு என்றால் எவன் பெண் கொடுப்பான் என்று பயந்து, உயரம் போதாமல் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்று அப்பா எல்லோரிடமும் சொல்லிவிட்டார். நான் ஆறடிக்கு ஒரு விரல்கடை குறைவு. ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. பிறகு பூட்டு வேலைக்கு வந்தேன். பித்தளையா இரும்பா என்பதற்குக் கண் வேண்டாம், கை போதும். இதை யாரிடமும் சொன்னதில்லை. என் மனைவியிடமும்தான். கல்யாணத்துக்கு முன்னால் சொல்லவில்லை, பின்னால் எந்த முகத்தோடு சொல்வது?

வீட்டில் மாட்டிக்கொள்ளவும் இல்லை. அதற்கு அவள் பேசுகிற தினுசும் ஒரு காரணம். அவளுக்கு எதையும் தபால்காரருக்கு வழி சொல்கிற மாதிரிதான் சொல்ல வரும். நூல் எடுத்துத் தரச் சொன்னால், "அலமாரியில மூணாவது வரிசை, அஞ்சாவது டப்பா" என்பாள். சட்டையை எடுத்துப் போடச் சொன்னால், "இடது பக்கக் கடைசியில தொங்குது பாருங்க" என்பாள். ஆரம்பத்தில் எரிச்சலாக இருந்தது, பிறகு பழகிவிட்டது.

ஆனால் குப்பிக்கு வரிசையும் கிடையாது, டப்பாவும் கிடையாது. முதல் நாள் கடைக்காரர் தந்த பாட்டிலிலிருந்து பன்னிரண்டு சொட்டு அம்மோனியாவைத் தொட்டியில் விட்டேன். மறுநாள் காலையிலிருந்து சோதனை. மருந்து கலந்து குலுக்கி, ஜன்னலில் வைத்து, சட்டை மாற்றிக்கொண்டு வந்து அட்டையோடு சேர்த்துப் பிடிப்பேன். அட்டையில் வரிசையாக ஏழு கட்டம். ஏழும் எனக்கு ஒரே கட்டம். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாலும் ஒன்றும் விளங்காது.

அதனால் ஒரு வழி கண்டுபிடித்தேன். குப்பியை மூடி, எனக்குப் பிடித்த பழுப்புச் சட்டையின் பையில் வைத்துக் கடைக்கு எடுத்துப் போவேன். சாவி செய்ய வருகிறவர்களிடம், ஏதோ சும்மா கேட்கிற மாதிரி, "இது என்ன கலர்ங்க?" என்று கேட்பேன்.

மனிதர்களுக்குக் கண் இருக்கிறதே தவிர, அதை வைத்துக்கொண்டு என்ன பார்க்கிறார்கள் என்றே தெரியவில்லை. பீரோ சாவி தொலைத்த ஒரு டீச்சரம்மா, "இளம்பச்சை" என்றார். அடுத்து வந்தவர், "மஞ்சள்தான். லேசா பச்சை அடிக்குது" என்றார். லேசாகவா, பலமாகவா என்று கேட்டால், "எனக்கு நேரமாச்சு, சாவியக் குடுங்க" என்கிறார். ஒரு இளம்பெண், "பிஸ்தா" என்றாள்.

"பிஸ்தான்னா மஞ்சளாம்மா, பச்சையா?"

"பிஸ்தான்னா பிஸ்தாதான் அங்கிள்!"

தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. பக்கத்து மருந்துக்கடைக்காரர் மூன்று நாள் பார்த்துவிட்டு, நான்காவது நாள் என் தோளில் கை வைத்துத் தனியே அழைத்துப்போனார். குரலைத் தாழ்த்தி, "இத இப்படி எல்லார்கிட்டயும் காட்டக் கூடாதுங்க. எத்தனை நாளா இந்தக் கலர்ல போகுது? லேப்ல குடுங்க" என்றார். மீன் தொட்டித் தண்ணீர் என்று சத்தியம் செய்தேன். அவர் நம்பவில்லை. வெட்கப்பட்டு மறைக்கிறேன் என்றே நினைத்துவிட்டார்.

ஒருவர் மஞ்சள் என்றால் அடுத்தவர் பச்சை என்பார். இரண்டில் எதை நம்புவது? மீன் சாகக் கூடாதே என்று ஒவ்வொரு நாளும் நோட்டில் பச்சை என்றே எழுதினேன். பச்சை என்றால் அம்மோனியா இன்னும் இருக்கிறது என்று அர்த்தம், ஆகவே மேற்கொண்டு சொட்டு விடவும் இல்லை. நாற்பத்திரண்டு நாள், நாற்பத்திரண்டு பச்சை. மீன் கடைக்காரரிடம் கிட் போலி என்று சண்டை போட்டேன். அவர் வேறு கிட் கொடுத்தார். அதுவும் பச்சை.

இதற்கிடையே இன்னொரு மர்மம். அம்மோனியா பாட்டில் குறைந்துகொண்டே வந்தது. நான் விட்டது ஒரே ஒரு முறை, பன்னிரண்டு சொட்டு. ஆனால் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் இரண்டு விரல் இறங்கியிருந்தது. அரத்தால் பாட்டிலில் ஒரு கோடு இழுத்து வைத்தேன். ஒரு வாரத்தில் கோட்டுக்குக் கீழே போய்விட்டது. மூடியையும் பார்த்தேன், இறுக்கமாகத்தான் இருந்தது. மைத்துனன் மேல் சந்தேகம் வந்தது. அவனுடைய பைக்கின் பளபளப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

"அம்மோனியாவ எடுத்துப் பைக்கு தொடைக்கிறியாடா?" என்று நேராகவே கேட்டுவிட்டேன்.

அவன் என்னையும் தொட்டியையும் மாறி மாறிப் பார்த்தான். "அக்கா, மாமாவக் கொஞ்ச நாள் எங்கயாவது வெளியூர் கூட்டிட்டுப் போ" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினான். வழக்கத்துக்கு மாறாக அவள் அவனை அதட்டவில்லை. துணியை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

நாற்பத்து மூன்றாவது நாள் கடைக்குப் போய் ஷட்டரைத் தூக்கிவிட்டுச் சட்டைப் பையைத் தொட்டேன். குப்பி இல்லை. ஜன்னலிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன். சலித்துக்கொண்டே திரும்பி நடந்தேன். எங்கள் வீட்டு வாசல் பூட்டு நானே பார்த்துப் பார்த்து எண்ணெய் போடுகிற பூட்டு. சாவி திரும்புகிற சத்தம் எனக்கே கேட்காது.

உள்ளே என் மனைவி ஜன்னல் ஓரம் நின்றிருந்தாள். நான் விட்டுப்போன முதல் குப்பி ஜன்னலில் இருந்தது. அவள் கையில் நான் இதுவரை தொடாத இரண்டாவது குப்பி. அதை வெள்ளைத் தாளுக்கு முன்னால் பிடித்து, அட்டையோடு வைத்துப் பார்த்தாள். திருப்தியாகத் தலையை ஆட்டினாள். பிறகு அம்மோனியா பாட்டிலைத் திறந்து, "ஒன்னு, ரெண்டு, மூணு" என்று எண்ணிக்கொண்டே தொட்டியில் சொட்டு விட ஆரம்பித்தாள்.

எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறிவிட்டது.

"என்ன பண்ற நீ? ஒன்றரை மாசமா நான் உயிரக் குடுத்து இது குறையுமா குறையுமான்னு பாத்துட்டு இருக்கேன். பின்னாடியே வந்து ஊத்திட்டு இருக்கியா? அதான் குறையவே இல்ல!"

அவள் திடுக்கிட்டாள்தான். ஆனால் பன்னிரண்டு வரை எண்ணி முடித்து, மூடியைத் திருகி, பாட்டிலை வைத்துவிட்டுத்தான் திரும்பினாள். அவள் முகத்தில் குற்ற உணர்ச்சியைத் தேடினேன். கோபம்தான் இருந்தது.

"குறையலயா? மூணாவது வாரமே முதல் குப்பி சரியாயிடுச்சு. அதுக்கப்புறம் நீங்க சாப்பாடே போடல. பட்டினி கிடந்தா அந்தக் கிருமி செத்துடும்னு கடைக்காரர்கிட்ட கேட்டுத் தெரிஞ்சுகிட்டு, நீங்க போனதும் தினமும் நான்தான் போடுறேன். மறுநாள் காலையில சுத்தமா தின்னு முடிச்சிருக்கும். ரெண்டாவது குப்பியும் சரியாகிப் பதினாறு நாள் ஆச்சு. தொட்டி ரெடியாகிப் பதினாறு நாள் ஆச்சுங்க!"

"பொய் சொல்லாத. நேத்துகூடப் பச்சை. நோட்டுல எழுதியிருக்கேன்."

"அஞ்சு நிமிஷத்துல பாக்கணும்னு அட்டையிலயே போட்டிருக்கு. நீங்க ஒரு மணி நேரம் சட்டைப் பையில வெச்சு, வேர்வையில ஊற வெச்சு, ஊரெல்லாம் காட்டுனா மாறாதா? நீங்க சட்டை மாத்தப் போற அந்த அஞ்சு நிமிஷத்துல நான் பாத்துடுவேன்."

"ஊருக்குக் காட்டுறேன்னு உனக்கு யார் சொன்னது?"

"மருந்துக்கடைக்காரர் சம்சாரம் துணி தைக்கக் குடுக்க வந்தப்ப, உங்க வீட்டுக்காரருக்குச் சிறுநீர்ல ஏதாவது பிரச்சினையான்னு கேக்குறாங்க. நான் எங்க போய் முட்டிக்க?"

நான் அப்போதும் விடவில்லை. மாட்டிக்கொண்டவன்தானே சத்தமாகப் பேசுவான்?

"பதினாறு நாளா தெரியும்னா ஏன் சொல்லல?"

"சொன்னா, உங்களுக்குத் தெரியலங்கிறது எனக்குத் தெரியும்னு உங்களுக்குத் தெரிஞ்சிடும்."

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"எப்போலேர்ந்து தெரியும்?"

"கல்யாணமான மூணாவது மாசம். ஒரு துண்டுத் துணியக் குடுத்து, இதுக்குச் சேர்ற மாதிரி நூல் வாங்கிட்டு வாங்கன்னு அனுப்பினேன். நீங்க கொண்டுவந்த நூலப் பாத்தேன். கடையில இதுதான் இருந்துச்சுன்னு சொன்னப்ப உங்க மூஞ்சியவும் பாத்தேன்." அவள் குரல் தணிந்திருந்தது. "அதுக்கப்புறம் கலர் சொல்லி உங்ககிட்ட எதுவும் கேக்கல. நீங்க மறைக்கிறத நானும் சேந்து மறைக்க வேண்டியதாப் போச்சு. இருபத்திரண்டு வருஷமா டப்பா எண்ணியே எனக்கு அலுத்துப்போச்சுங்க. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்ல? யார் யாரையோ கேக்குறீங்க. வீட்டுல ஒருத்தி நாள் முழுக்க நூலும் துணியுமா உக்காந்திருக்கேன். என்னக் கேக்க மட்டும் உங்களுக்கு வாய் வரல."

மூன்றாவது வரிசை, ஐந்தாவது டப்பா. இடது பக்கக் கடைசி. சாவிக்கொத்தில் லேசாக வளைந்திருக்கிற வளையம். மேல் தட்டில் ஒடுக்கு விழுந்த டம்ளர். அவள் எனக்குச் சொன்ன வழியெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. அவள் பேச்சே அப்படித்தான் என்று நினைத்தேன். அவள் தன் தம்பியிடமோ துணி தைக்க வருகிறவர்களிடமோ ஒரு நாளும் அப்படிப் பேசியதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. வெட்கத்தில் காது சுட்டது. அவளிடம் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். நானோ, "அந்தக் குப்பிய மூடி வை, ஆவியாப் போயிடும்" என்றேன். நான் அப்படிப்பட்ட ஆள்.

மறுநாள் தண்ணீரில் பெரும்பகுதியை மாற்றி, குழாய்த் தண்ணீரின் குளோரின் போக மருந்து விட்டு, மீன் கடைக்குப் போனோம். அங்கேயும் அவள், "அந்த மேல் தட்டுல, வலது பக்கம் ரெண்டாவது தொட்டி. வால் விசிறி மாதிரி இருக்கு பாருங்க, அது ஆறு வாங்கலாம்" என்றாள். பழக்கம் ஒரே நாளில் போகுமா? என்ன நிறம் என்று கேட்க வாயெடுத்தேன், கடைக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார். தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். அவள் ஒரு நொடி காத்திருந்துவிட்டுத் திரும்பிக்கொண்டதை நான் கவனிக்காமல் இல்லை.

முதல் நாள் ஆறு. இரண்டாம் நாள் ஆறு. மூன்றாம் நாள் செடிக்குப் பின்னால் ஒன்றைக் காணாமல் எனக்கு உயிர் போய் வந்தது. நான்காவது நாள் காலையில் எழுந்ததும் ஓடிப்போய் எண்ணினேன். ஆறு. ஆறும் கண்ணாடிப் பக்கம் வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவள் அவற்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், ஊசி தானாக ஓடிக்கொண்டிருந்தது.

இரண்டு குப்பியிலும் தண்ணீர் பிடித்தேன். மருந்து விட்டுக் குலுக்கினேன். கடிகாரத்தில் ஐந்து நிமிடம் பார்த்தேன். என் கை பழக்கதோஷத்தில் சட்டைப் பைக்குப் போனது. கையை விலக்கிக்கொண்டு, குப்பிகளோடு அவளிடம் நடந்தேன். ஆறு காலடி தூரம்தான். வியர்த்துவிட்டது.

"இது என்ன நிறம்?"

மெஷின் நின்றது. அவள் குப்பியை வாங்கவில்லை. முதலில் என் முகத்தைத்தான் பார்த்தாள். பிறகு வாங்கி, தைத்துக்கொண்டிருந்த துணியை ஒதுக்கிவிட்டு, வெள்ளைத் துணி ஒன்றின் மேல் வைத்துப் பார்த்தாள்.

"மஞ்சள்" என்றாள்.

"இது?"

"நீலம்."

அவள் வாயிலிருந்து ஒரு நிறத்தின் பெயர் எனக்காக வந்தது அதுதான் முதல் முறை. விடாமல் மேலும் கேட்டேன்.

"மீன்?"

"ஆரஞ்சு. ஓரத்துல வெள்ளை."

"இந்தத் துணி?"

"ரோஸ்."

"அலமாரியில மூணாவது வரிசை, அஞ்சாவது டப்பா?"

"ஐயோ, அது கருநீலம். வேலை செய்ய விடுறீங்களா இல்லையா?"

"கடைசியா ஒன்னு. என் சட்டை?"

அவள் ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே, "பச்சை" என்றாள். "நல்ல பாசிப் பச்சை."

"பழுப்புன்னுல்ல நெனச்சிட்டிருந்தேன்! எல்லார்கிட்டயும் அப்படித்தானே சொல்லிட்டிருக்கேன்!"

"தெரியும்" என்றாள். "கிளம்புங்க, கடை தெறக்க நேரமாச்சு."